மூன்றாம் பாகம் எங்கே?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நாட்டியம் முடிந்து பரிசளிப்புத் தொடங்குவதற்கு முன் உள்ள சிறு பொழுதை ஆண்டுதோறும் எங்களுக்கு ஒதுக்குவது வழக்கம். இத்தனை நூல்கள் வாங்கினோம், இத்தனை நூல்கள் திரும்பி வரவில்லை என்று கணக்கு வாசித்துவிட்டு இறங்கிவிடுவோம். நீங்களும் அப்பொழுது காப்பி அருந்திக்கொண்டிருப்பீர்கள். இவ்வாண்டு கணக்கைத் தனியே அச்சிட்டு வழங்கிவிட்டமையால், ஓர் அலமாரியைப் பற்றி மட்டும் பேசத் தலைவரிடம் இசைவு பெற்று வந்திருக்கிறோம்.

நூலக அறையில் சன்னலோரமாக நிற்கும் மூன்றாவது அலமாரியைச் சொல்கிறோம். அடுத்த மாதம் கூடவிருக்கும் பொதுக்குழுவில் அதைப் பற்றி ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. அதில் உள்ள பழைய ஆங்கில நாவல்களைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அவ்விடத்தில் பிள்ளைகளுக்காக இரண்டு கணினி மேசைகள் போடலாம் என்பது அத்தீர்மானம். கணினி வேண்டாமென்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் படிப்புக்குக் குறுக்கே நூலகக் குழுவே நின்றது என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம். எடைக்குப் போடுமுன் அதில் இருப்பவை இன்னவென்று சபையோர் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அறியாமல் ஒருமுறை போட்டிருக்கிறோம். அக்கதையையும் இன்று ஒளிக்காமல் சொல்லிவிடப் போகிறோம்.

அவ்வலமாரியில் இருப்பவை பெரும்பாலும் விஞ்ஞானப் புதினங்கள். அவற்றுள்ளும், ஒரு நூலோடு முடிந்துவிடாமல் இரண்டு, மூன்று, ஆறு எனத் தொடர்ந்து செல்லும் வரிசை நூல்கள். தொடர்கதை என்றால் என்னவென்று நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' வந்துகொண்டிருந்த காலத்தில், வாரந்தோறும் அப்பக்கங்களை ஓவியர் மணியத்தின் படங்களோடு பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டு வைத்த பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் உண்டு. தபாலில் ஓர் இதழ் தவறிவிட்டால் அந்த வாரம் முழுவதும் வீட்டில் துக்கம் கொண்டாடியதாகச் சொல்வார்கள்.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. ஐசக் அசிமாவ் என்பவர், 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், தமது இருபத்தொன்றாம் வயதில், ஓர் இதழாசிரியரைக் காணச் சென்றுகொண்டிருந்தார். கையில் கதை ஒன்றுமில்லை. போகும் வழியில் ஓர் எண்ணம் உதித்தது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியைக் கிப்பன் எழுதியதைப் போல, விண்மீன் மண்டலம் முழுவதையும் கட்டியாண்ட ஒரு பேரரசின் வீழ்ச்சியைக் கதையாக எழுதினால் என்ன? இதழாசிரியர் ஜான் காம்ப்பெல் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். 1942-இல் தொடங்கி 1950 வரை 'அஸ்டவுண்டிங்' இதழில் எட்டுக் கதைகள் வெளிவந்தன. பிறகு அவற்றுக்கு முன்னே புதிதாக ஒரு பகுதியை எழுதிச் சேர்த்து, 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளியிட்டனர். 'ஃபவுண்டேஷன்', 'ஃபவுண்டேஷன் அண்டு எம்பயர்', 'செகண்ட் ஃபவுண்டேஷன்' என்பன அவற்றின் பெயர்கள். 1966-இல் அதுகாறும் வந்த வரிசை நூல்களுள் சிறந்தது என்று அதற்கு ஹியூகோ பரிசு அளித்தார்கள்.

கதை இதுதான். ஹாரி செல்டன் என்னும் கணித மேதை, பேரரசு விழப்போவதை முன்னரே கணித்துவிடுகிறார். விழுந்தபின் முப்பதாயிரம் ஆண்டு இருள் சூழும். அவ்விருளை ஆயிரம் ஆண்டாகக் குறைக்க வழியுண்டு என்கிறார். அதற்கென்று மண்டலத்தின் கோடியில் உள்ள ஒரு கோளுக்கு அறிஞர் கூட்டமொன்றை அனுப்புகிறார். அங்கே அவர்கள் செய்ய வேண்டிய வேலை, கலைக்களஞ்சியம் தொகுப்பது! நம் பெரியசாமித் தூரன் அவர்கள் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் முதல் அலமாரியில் இருக்கிறது. அதைத் தூசி தட்டும் போதெல்லாம் எங்களுக்கு அந்தக் கோள் நினைவு வரும். அங்கே கலைக்களஞ்சியம் வெறும் சாக்கு என்பது பின்னால்தான் வெளிப்படும். சொல்லிவிட்டோமே! படிக்காதவர்கள் மன்னிக்க.

இந்நூல்களில் குறையே இல்லையென்று நாங்கள் வாதாட மாட்டோம். நம் காலனித் தாயார் ஒருவர் முதற்பாகத்தை வாங்கிச் சென்று, இரண்டே நாளில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இந்தப் பேரரசில் பெண்களே பிறக்கவில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதற்பாகத்தில் ஆடவர் உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுந்து நின்று பேசுகிறார்கள். பிறகு வேறோர் அறைக்குப் போய்ப் பேசுகிறார்கள். மூன்றாம் பாகம் வரை பொறுத்துப் பாருங்கள் அம்மா என்று வேண்டிக்கொண்டோம். அதில்தான் ஆர்க்கடி என்னும் பதினான்கு வயதுச் சிறுமி வருகிறாள். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் இரகசியத்தை ஒட்டுக்கேட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் விண்கலம் ஏறிவிடுகிறாள். அந்த அம்மையார் அதன்பின் நூலைத் திருப்பித் தர மூன்று மாதம் ஆயிற்று.

நிற்க. இந்நூல்கள் நம்மிடம் வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

நம் காலனியில் நெடுங்காலம் குடியிருந்த பெரியவர் ஒருவர். மத்திய அரசின் கணக்குத் துறையில் பணி. பிள்ளைகள் அவரை 'டிரங்குப் பெட்டி மாமா' என்றே அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையுடன் பஸ் ஏறித் தரியாகஞ்ச் சென்றுவிடுவார். அங்குள்ள கடைகளுக்கு அன்று விடுமுறை. ஆகவே தில்லி கேட்டிலிருந்து நெடுகிலும் நடைபாதை பழம்புத்தகக்காரர்களுக்கு உரியதாகிவிடும். தார்ப்பாயை விரித்து அதன்மேல் மலைமலையாகக் கொட்டியிருப்பார்கள். மருத்துவ நூலும் சமையற் குறிப்பும் ரஷ்ய நாவலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். "சௌ மே தீன்!" என்று, அதாவது நூறு ரூபாய்க்கு மூன்று என்று, பின்னாளில் அவர்கள் கூவக் கேட்டிருக்கிறோம். மாமாவின் காலத்தில் அதனினும் மிகக் குறைவு.

அந்நூல்கள் நடைபாதைக்கு எங்கிருந்து வந்தன என்பதை நாம் யாவரும் அறிவோம், நம் வீடுகளிலிருந்துதான். மாற்றல் உத்தரவு வருகிறது. சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டும். அம்மி போக வேண்டும், குத்துவிளக்கு போக வேண்டும், தையல் இயந்திரம் போக வேண்டும். கடைசியில் இடமில்லாமல் நிற்பவை புத்தகங்கள். அவற்றுள்ளும் கையோடு எடுத்துச் செல்ல இரண்டைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவற்றைத் தராசில் ஏற்றிவிடுகிறோம். வரிசை உடைவது அந்த நேரத்தில்தான். ஐந்து பாகங்களைச் சேர்த்து வைத்திருந்தவரின் இரண்டாம் பாகம் கௌஹாத்திக்குப் போகும். மற்றவை தராசுக்குப் போகும். தில்லியின் பழம்புத்தகக் கடையில் முழு வரிசை ஒருசேரக் கிடைக்காததன் காரணம் இதுவே.

ஆகவே வரிசை நூல் சேர்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும். மூன்றாம் பாகம் முதலில் கிடைக்கும்; முதற்பாகம் நான்கு ஆண்டு கழித்துக் கிடைக்கும். கிடைத்த வரிசையில் படிப்பதா, எல்லாம் சேரும்வரை காத்திருப்பதா என்பது பெரிய தருமசங்கடம். மாமா காத்திருக்கும் கட்சி. அவரிடம் இரவல் வாங்கிய பிள்ளைகள் காத்திராத கட்சி. கவனமும் வேண்டும். ஒருமுறை, அசிமாவின் புது நாவல் ஒன்று அகப்பட்டதென்று மகிழ்ந்து, 'தி மேன் ஹூ அப்செட் தி யூனிவர்ஸ்' என்றொரு நூலை மாமா வாங்கி வந்தார். பிரபஞ்சத்தையே கவிழ்த்த மனிதன்! இரவு உட்கார்ந்து பத்துப் பக்கம் படித்தபின்தான், தம்மிடம் ஏற்கெனவே இருந்த 'ஃபவுண்டேஷன் அண்டு எம்பயர்' என்னும் இரண்டாம் பாகமே அது என்பது விளங்கியது. 1955-இல் ஏஸ் நிறுவனம் பெயரை மாற்றி மலிவுப் பதிப்பாக வெளியிட்டிருந்ததாம். இரண்டையும் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டது நல்லதாயிற்று, ஏனென்று பின்னால் சொல்கிறோம்.

1988-இல் மாமா ஓய்வு பெற்றுக் கும்பகோணத்துப் பக்கம் தம் ஊருக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் இரண்டு டிரங்குப் பெட்டிகளைச் சங்கத்துக்கு அளித்தார். உள்ளே இருந்த நூல்களின் பட்டியலைப் பதிவேட்டில் தம் கையாலேயே எழுதினார். எந்தப் பெட்டியில் எந்த நூல், எந்த வரிசையில் எத்தனையாவது, இன்னும் சேர வேண்டியவை எவை என்று கணக்குத் துறைக்கே உரிய ஒழுங்கு. பெட்டிக்குள் வசம்பும் போட்டிருந்தார். நாங்கள் மாலை போட்டுக் கைதட்டி அனுப்பி வைத்தோம்.

1991-இல் அறைக்கு வெள்ளையடித்தார்கள். சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டபோது, பெட்டிகளுள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்கவில்லை என்பதை இரண்டு முறை சொல்கிறோம், ஏனென்றால் அதுதான் குற்றம். பழைய விழா அழைப்பிதழ்கள் என்று எண்ணிப் பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டோம். கிடைத்த பணத்தில் சுண்ணாம்பு வாங்கினோம். வேறு யார் மேலும் பழியில்லை. அன்றைய நூலகக் குழுவும் நாங்களே.

போன பெட்டியில் என்னென்ன இருந்தன என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் நெஞ்சு சுட்டது. அவற்றுள் ஒன்று ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'மர்மத் தீவு' நாவலின் மூன்றாம் பாகம். பழைய ஆங்கிலப் பதிப்பில் அது மூன்று தனி நூல்களாக வந்தது. முதலிரண்டு பாகங்கள் அப்போது காலனிப் பிள்ளைகளிடம் இரவலில் இருந்தமையால் பிழைத்துவிட்டன. அவர்கள் படித்து முடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மூன்றாம் பாகம் எங்கே?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் கனம் கதையை அறிந்தால்தான் விளங்கும். வெர்ன் பிரெஞ்சுக்காரர். 1870-இல் நிறைவுற்ற 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் நாவலில், நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனாக நெமோ என்பவன் வருகிறான். இலத்தீனில் நெமோ என்றால் 'எவனுமில்லை' என்று பொருள். அவனுக்கு நாடு இல்லை, ஊர் இல்லை, நிலத்தின்மீது கால் வைப்பதில்லை என்று வஞ்சினம் கூறியவன். ஓரிடத்தில் மட்டும் ஒரு திரை விலகுகிறது. நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாமீனிடமிருந்து நெமோ காப்பாற்றி, முத்துப் பை ஒன்றையும் அவன் கையில் வைக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, அம்மனிதன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், தானும் இறுதிவரை அத்தகையோருள் ஒருவனே என்னும் பொருள்பட விடையளிக்கிறான். அவ்வளவே. எந்த நாடு என்று அந்நூலில் கடைசிவரை சொல்லப்படவில்லை.

வெர்ன் முதலில் அவனைப் போலந்து நாட்டவனாகப் படைக்கவே எண்ணியிருந்தார். 1863-இல் ரஷ்யப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தவர்களுள் ஒருவன் என்பது அவர் கருத்து. ரஷ்யாவில் நூல் விற்பனையாக வேண்டுமே என்று பதிப்பாளர் ஹெட்ஸல் மறுத்துவிட்டார். ஆகவே நெமோ நாடற்றவனாக நின்றான். 1875-இல் 'மர்மத் தீவு' நிறைவுற்றபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பலூனில் ஏறித் தப்பிய ஐந்து பேர் ஆளில்லாத் தீவொன்றில் விழுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அவர்களுக்கு உதவிக்கொண்டேயிருக்கிறார். யார் அவர்? முதற்பாகத்திலும் தெரியாது, இரண்டாம் பாகத்திலும் தெரியாது. மூன்றாம் பாகத்தில், எரிமலையின் அடியில் உள்ள குகையில், முதுமையுற்ற நெமோ தன் வரலாற்றைச் சொல்கிறான். அவன் பெயர் தக்கார், புந்தேல்கண்ட் மன்னனின் மகன், திப்புவின் உறவினன், 1857 கிளர்ச்சியில் வாளேந்தித் தோற்றுக் குடும்பத்தை இழந்து கடலுக்குள் போனவன். இந்தியன்!

இரண்டு நாவல்களிலும் உள்ள ஆண்டுக் கணக்கு ஒன்றோடொன்று ஒட்டாது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. திப்பு மறைந்தது 1799-இல் என்பதை வைத்துப் பார்த்தால் உறவுமுறையும் இடிக்கும். போகட்டும். முதலிரண்டு பாகங்களைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் எங்களிடம் வந்து நின்றபோது, நெமோ யாரென்று அறியாமலே நின்றார்கள். அந்தச் செய்தி கபாடிவாலாவின் வண்டியில் போய்விட்டது.

1994-இல் ஒரு திருமணத்துக்காக மாமா தில்லி வந்தார். நூலகத்துக்கும் வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு அவரும் அதே கேள்வியைக் கேட்டார். "யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள், மாமா" என்றோம். பொய். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று முதல் தரியாகஞ்சுக்குப் போவது எங்கள் வேலையாயிற்று. முறை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு இருவராகச் சென்றோம். மாமாவின் பட்டியலைப் படி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்திருந்தால் அங்கேயும் ஆள் அனுப்பியிருப்போம். அது 1985-இலேயே தீக்கிரையாகிவிட்டது. முதுகெலும்பில் பெயர் தெரியாத நூலையெல்லாம் புரட்டிப் பார்ப்பதும், கை முழுதும் கறுத்துப் போவதும், கடைக்காரர் எங்களைக் கண்டாலே சிரிப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. சில கிடைத்தன. 2006-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஒருநாள், பழைய பள்ளிப் பாடநூல்களின் கீழே, முதற்பக்கத்தில் யாரோ ஒரு மாணவனுக்குப் பரிசளித்த சீட்டு ஒட்டிய 'மர்மத் தீவு' மூன்றாம் பாகம் கிடைத்தது. கடைக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை.

அன்றிரவே மாமாவுக்குக் கடிதம் எழுதினோம். 1991-இல் நடந்ததையும் 1994-இல் சொன்ன பொய்யையும் எழுதி, நூல் கிடைத்த செய்தியையும் எழுதினோம். பத்து நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. நூலின் நாயகனாகிய பொறியாளனுக்கு ஸ்மித் என்று பெயரா, ஹார்டிங் என்று பெயரா, உடனே பார்த்து எழுதவும் என்று முதல் வரி. ஹார்டிங் என்றால் அது கிங்ஸ்டன் என்பவர் பெயரில் வந்த 1875-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. உண்மையில் மொழிபெயர்த்தவர் அவர் மனைவி என்பர். அதில் ஆங்கிலேயர் ஆட்சியைப் பற்றி நெமோ பேசும் பகுதி இலண்டன் வாசகர்க்கு உவப்பாக மாற்றப்பட்டிருக்கும். ஆதலால் நெமோ இந்தியன் என்பது மட்டும் தெரியும், அவன் உள்ளத்தில் இருந்தது தெரியாது. 2001-இல் வந்த புதிய மொழிபெயர்ப்புகளுள் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைக்கவும் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். ஓரத்தில் குறுக்காக ஒரு வரி: "மற்றொரு பெட்டியையாவது திறந்து பார்த்தீர்களா?"

திறக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அது மேடைச் சாமான்களுக்கு அடியில் கிடந்தது. நூலில் ஹார்டிங் என்றே இருந்தது.

அன்று திறந்த பெட்டிதான் இன்றைய மூன்றாவது அலமாரி. வசம்பின் புண்ணியத்தால் இராமபாணப் பூச்சி அதிகம் நுழையவில்லை. பசை காய்ந்து முதுகு வெடித்தவை சில. காகிதம் வெற்றிலைச் சருகுபோல் ஆனவை சில. 'ஃபவுண்டேஷன்' வரிசையில் முதலும் மூன்றும் இருந்தன. இரண்டாம் பாகம் முதற்பெட்டியோடு போய்விட்டதென்று மேலும் இரண்டு ஆண்டு நடைபாதையில் தேடினோம். நம் காலனி மாணவன் ஒருவன்தான், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் 'மீண்டும் ஜீனோ'வையும் முடித்துவிட்டு அசிமாவிடம் வந்தவன், பிரபஞ்சத்தைக் கவிழ்த்த மனிதனைப் படித்துவிட்டு வந்து, "இதுதானே நீங்கள் தேடும் இரண்டாம் பாகம்?" என்று கேட்டான். நூலகக் குழுவின் கல்வியறிவு அவ்வளவு.

அதே மாணவன் கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கிலேயர் 1956 முதல் 2008-இல் மறையும்வரை இலங்கையை வீடாகக் கொண்டு வாழ்ந்தவர். 1968-இல் அவர் எழுதிய '2001' நாவலில் ஹால் என்னும் பேசும் கணினி வருகிறது. அதற்குப் பாடம் கற்பித்தவர் டாக்டர் சந்திரா என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு. 1982-இல் வந்த '2010' அதன் தொடர்ச்சி. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் திகைத்துப் போவர். முதல் நூலில் விண்கலம் சென்றது சனிக்கோளுக்கு. இரண்டாம் நூலோ அது வியாழனுக்குச் சென்றதாகப் பேசும். திரைப்படத்தில் வியாழன் என்று மாற்றியிருந்தார்கள். கிளார்க் தம் நாவலை விட்டுவிட்டுப் படத்தைப் பின்பற்றினார். பையன் அதைக் கேட்டுத்தான் வருகிறான் என்று நாங்கள் விடையோடு காத்திருந்தோம். அவன் வேறொரு பக்கத்தை விரித்துக் காட்டினான். அதில் டாக்டர் சந்திராவின் முழுப் பெயர் இருந்தது. சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை!

தில்லிப் பள்ளிகளில் நம் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரும் கதியை நீங்கள் அறிவீர்கள். சந்திரசேகரன் 'ன்' இழந்து சந்திரசேகர் ஆகிறான். பிறகு சேகர் ஆகிறான். தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. அந்த மாணவனின் பெயரும் சந்திரசேகரனே. படிவங்களில் கட்டம் போதாத பெயர் ஒன்று, விண்கலத்தில் ஏறி வியாழன்வரை போயிருப்பதைப் பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. படமாக எடுத்தபோது அந்தப் பாத்திரத்தை ஓர் அமெரிக்க நடிகருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டு கோபித்துக்கொண்டான்.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. 2019 ஜூலையில் நீதிமன்ற ஆணையின்பேரில் தரியாகஞ்ச் நடைபாதைச் சந்தை நின்றது. செப்டம்பரில் அருகே ஆசப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட்டில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். நாங்களும் போய்ப் பார்த்தோம். இடம் சுத்தம், கார் மோதும் பயமில்லை. தார்ப்பாயின் கீழே குனிந்து தேடும் சுகம் மட்டும் குறைவு. 2016-இல் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் நம்மவர் பலர் வீடு காலி செய்தார்கள். அந்தக் காலி செய்தலில் எத்தனை வரிசைகள் உடைந்தனவோ!

புதுப்பிரதி வேண்டுமானால் கைப்பேசியில் பொத்தானை அழுத்தினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறதே, பழையது எதற்கு என்று செயற்குழுவில் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். வேண்டும் என்று தெரிந்தவனுக்குப் பொத்தான் போதும். மூன்றாம் பாகம் என்றொன்று இருப்பதே அறியாத பத்து வயதுப் பிள்ளைக்கு, முதலிரண்டின் பக்கத்தில் அது கண்ணெதிரே நிற்க வேண்டும். புதிய மொழிபெயர்ப்பும் இப்பொழுது நம்மிடம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் உறுப்பினர் ஒருவரின் மகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தாள். ஸ்மித்தும் ஹார்டிங்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே நெமோவை இரண்டு மொழிபெயர்ப்பாளர் எப்படிப் பேசவைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பள்ளியில் கட்டுரை எழுதிய மாணவியர் இருவர் இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார்கள்.

கணினி மேசைகளைப் பற்றி: அறையை அளந்து பார்த்தோம். இரண்டாவது அலமாரியைச் சுவரோடு திருப்பிப் போட்டால் இரண்டு மேசைகளுக்கும் இடம் வருகிறது. வரைபடம் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பொதுக்குழு அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இனி எங்கள் வேண்டுகோள்கள். மாமாவின் பட்டியலில் இன்னும் ஏழு நூல்கள் சேரவில்லை. அவற்றுள் கிளார்க்கின் '2061' ஒன்று. பட்டியலை நுழைவாயிலில் ஒட்டியிருக்கிறோம். பரணில் பழைய பெட்டி வைத்திருப்போர் தயவுசெய்து இறக்கிப் பாருங்கள். மாற்றல் உத்தரவு கையில் வந்திருப்போர், கபாடிவாலாவை அழைக்குமுன் எங்களை அழையுங்கள். நாங்களே வந்து சுமந்து செல்கிறோம். நூலகம் ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை திறந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. 'மர்மத் தீவு' மூன்றாம் பாகம், பரிசுச் சீட்டு ஒட்டிய அந்தப் பழம்பிரதி, இப்பொழுது அலமாரியில் இல்லை. இம்முறை உண்மையாகவே இரவலில் போயிருக்கிறது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாங்கிச் சென்றாள். தவணை முடிந்து ஐந்து வாரமாகிறது. அவள் பெற்றோர் இங்கே இருக்கக்கூடும். அபராதம் கேட்க மாட்டோம். படித்து முடித்துவிட்டாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்து வாங்க இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.